தேம்ஸ் கரையில் பெரியாற்று நினைவு

லண்டன் மாநகரத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பார்த்துவிட்டு வர வேண்டிய இடங்களுக்கு எழுதப்படாத ஜாபிதா ஒன்று இருக்கிறது. லண்டன் கோபுரம், கோபுரப் பாலம், பார்லிமெண்டு மணிக்கூண்டு, பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் காவல் மாறும் வேடிக்கை, மெழுகு பொம்மைக் காட்சி, பிரிட்டிஷ் மியூசியம் ஆகிய இவ்வளவையும் மூன்று நாளில் முடித்துவிட்டு, நான்காம் நாள் கடைத்தெருவுக்கும் போய் வந்துவிட்டால், 'லண்டனைப் பார்த்தாயிற்று' என்று ஊரில் வந்து தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த ஜாபிதாவில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் கிடையாது. நானும் என் மனைவி, மகள், மாப்பிள்ளை, பத்து வயதுப் பேரன் சகிதமாக அதையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்தவன்தான். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போகிறவர்களுக்கு லண்டனில் வேறொரு காரியமும் இருக்கிறது. பொட்டிப்புரத்துக்காரனான எனக்கு அது நன்றாகத் தெரியும். மேற்கே மலைச் சுவர். அதற்கு அப்பால் மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. இந்தப் பக்கம் மழை மறைவு. மேகம் மலை உச்சியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மலைக்கு அந்தப் புறத்துத் தண்ணீரை இந்தப் புறம் திருப்பிவிட்ட மனிதர் எங்கள் சீமையில் ஏறக்குறைய குலதெய்வம். அவர் பிறந்தது நம் நாட்டில். இறந்தது லண்டனுக்குப் பக்கத்தில். அவர் பெயர் ஜான் பென்னிகுவிக்.

லண்டன் கோபுரத்தில் ராஜ குடும்பத்து நகைகள் இருக்கும் மாளிகைக்குள் கூட்டம் எப்போதும் அதிகம். நின்று பார்க்க விடமாட்டார்கள். காலுக்குக் கீழே தரையே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். நாம் பொம்மை மாதிரி அதன்மேல் நின்றுகொண்டு கிரீடங்களைப் பார்த்தபடியே போக வேண்டியதுதான். கோஹினூர் வைரம் அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டவர்கள் அதைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விடுவது வழக்கம். 'நம்முடையது அல்லவா!' என்ற பெருமூச்சு.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளலாம். 1849-ம் வருஷம் ஜனவரி மாதம் 13-ந் தேதி, பஞ்சாபில் ஜீலம் நதிக்கு அருகேயுள்ள சிலியன்வாலா என்ற கிராமத்தில் சீக்கியர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் பயங்கரமான யுத்தம் நடந்தது. பிரிகேடியர் பென்னிகுவிக் என்ற தளபதி அந்தப் போர்க்களத்தில் மாண்டார். அவருடைய மகன் ஒருவன், மீசை முளைக்காத வாலிபன், அதே நாளில் அதே களத்தில் மாண்டான். சில வாரங்கள் கழித்துச் சீக்கிய ராஜ்யம் வீழ்ந்தது. பத்து வயதுப் பாலகனாயிருந்த துலீப் சிங் மகாராஜாவிடமிருந்து கோஹினூரை வாங்கி விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிவைத்தார்கள். ஆக, அந்த வைரம் கடல் கடந்து வந்த கணக்கில் பென்னிகுவிக் குடும்பத்து ரத்தமும் சேர்ந்திருக்கிறது. செல்ஸி என்னும் பகுதியில், கிழப் போர்வீரர்கள் வசிக்கும் ராஜ ஆஸ்பத்திரித் தோட்டத்தில், சிலியன்வாலாவில் இறந்தவர்களுக்காக ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் வருஷந்தோறும் பிரசித்தி பெற்ற புஷ்பக் கண்காட்சி நடக்கிறது. பூப் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேர் தூணைப் பார்க்கிறார்களோ!

தகப்பனும் தமையனும் இறந்தபோது இளைய மகன் ஜானுக்கு எட்டு வயது நிரம்ப இன்னும் இரண்டே நாள் இருந்தது. 1841-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பூனாவில் பிறந்தவர் அவர். இப்படிப்பட்ட பிள்ளை வளர்ந்ததும் வாளை எடுத்துக்கொண்டு பழி வாங்கப் புறப்படுவதாகத்தான் நாவலாசிரியர்கள் எழுதுவோம். ஆனால் சரித்திரம் நம்மைவிட நல்ல கதாசிரியர். அவர் ராணுவப் பள்ளியில் படித்தார். 1860-ல் இந்தியாவுக்குத் திரும்பினார். ஆனாலும் அவர் வாழ்க்கை பிரசித்தி அடைந்தது சுண்ணாம்பும் கல்லும் கொண்டுதான்.

மேற்கே ஓடி அரபிக் கடலில் வீணாகக் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வறண்ட மதுரைச் சீமைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் பென்னிகுவிக்குக்குத் திடீரென்று தோன்றியது அல்ல. 1789-ம் வருஷத்திலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாயிருந்த முத்து இருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி மலையில் இடம் பார்த்துவிட்டார். யோசனை சரிதான், பணம் இல்லை. 1808-ல் கால்டுவெல் என்ற காப்டன் ஆராய்ந்து பார்த்துவிட்டு, 'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்கிற தோரணையில் அறிக்கை எழுதி மூட்டை கட்டிவிட்டார். 1850-ல் சின்ன அணையாக ஒன்று கட்டத் தொடங்கினார்கள். காட்டுக் காய்ச்சலும் கூலித் தகராறும் சேர்ந்து அதை நிறுத்திவிட்டன.

பிறகு வந்தது தாது வருஷத்துப் பஞ்சம். 1876 முதல் 1878 வரையில் சென்னை ராஜதானியைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தைப் பற்றி இன்றைக்கும் தென்பாண்டிச் சீமைக் கிழவிகள் பேசுவார்கள். தாங்கள் பார்த்ததில்லை, தங்கள் பாட்டிக்குப் பாட்டி பார்த்ததாகச் சொல்லுவார்கள். பட்டினிப் பிணங்களைக் கண்ட பிறகுதான் அரசாங்கத்தாருக்குப் பழைய காகிதங்களின் ஞாபகம் வந்தது. 1882-ம் வருஷம் திட்டத்தை மறுபடி தயாரிக்கும் வேலை பென்னிகுவிக்கிடம் வந்தது.

அணை கட்ட வேண்டிய இடமோ திருவிதாங்கூர் மகாராஜாவுக்குச் சொந்தம். வருஷக் கணக்காகப் பேச்சு நடந்தது. 1886-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி பத்திரம் கையெழுத்தாயிற்று: எண்ணாயிரம் ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய், குத்தகைக் காலம் 999 வருஷம். ஆயிரத்துக்கு ஒன்று குறைவாக அப்படி என்ன அவசரமோ தெரியவில்லை! அந்தப் பத்திரத்தின் பலனாக அணை கேரள ராஜ்யத்து மண்ணிலும், அதன் நிர்வாகம் தமிழ்நாட்டின் கையிலும் இருந்து வருகின்றன. 2014-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டார், அணையில் 142 அடி வரையில் நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தார்கள். வழக்கின் விவரங்களுக்குள் இங்கே நுழைய வேண்டாம்.

1887-ல் வேலை தொடங்கிற்று. யானையும் புலியும் நடமாடும் காடு. வழி கிடையாது. மலையடிவாரத்திலிருந்து சாமான்களை மேலே ஏற்றக் கம்பிவடம் கட்டினார்கள். சென்னை ராணுவத்தின் பயனியர் படையினரும், கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுகீசியத் தச்சர்களும், நம் பக்கத்துக் கூலிக்காரர்களும் ஆயிரக்கணக்கில் காட்டுக்குள் போனார்கள். மழைக்காலத்தில் ஆறு சீறிக்கொண்டு வந்து, கட்டிய தடுப்புக்களை அடித்துக்கொண்டு போகும். வெயில் ஏறினால் மலேரியா வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைத்த மாதங்களில் கட்டினார்கள். சிமிண்டு இல்லை, கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். 176 அடி உயரம், 1,200 அடி நீளம். தேங்கிய நீரைக் கிழக்கே கொண்டுவர, ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டினார்கள். 1895-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைக்க, மேற்கே போக வேண்டிய ஆறு கிழக்கே இறங்கி, வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கூடி, வைகையில் கலந்தது. இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைவதும், 18-ம் கால்வாய் வழியாகத் தேவாரம், போடிப் பக்கத்துக் கண்மாய்கள் நீர் காண்பதும் அந்தத் தண்ணீரால்தான்.

இவ்வளவும் சரித்திரம். ஆனால் எங்கள் ஊரில் வழங்கும் கதை இதோடு நிற்பதில்லை. வெள்ளம் அணையை அடித்துப் போனதும் அரசாங்கம் கையை விரித்துவிட்டதாம். பென்னிகுவிக் துரை இங்கிலாந்துக்குப் போய்த் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தாராம். பள்ளத்தாக்கில் இந்தக் கதையை அறியாத குழந்தை இல்லை. தேனி பஸ் நிலையத்துக்கு அவர் பெயர். 2013-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். பாலார்பட்டியில் வருஷந்தோறும் அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள். தைப் பொங்கலை ஒட்டியே அவர் பிறந்து வைத்தது எங்கள் பாக்கியம். வீடுகளில் அவர் படம் சாமி படங்களோடு தொங்குகிறது.

சொத்து விற்ற கதைக்கு ஆதாரம் உண்டா? அணை வேலையில் இருந்த எஞ்சினீயர் மெக்கன்சி என்பவர் 1899-ல் பெரியாற்றுத் திட்டத்தின் சரித்திரத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார். திட்டம் சர்க்கார் திட்டம். பணமும் சர்க்கார் பணம். எஞ்சினீயர் தம் பணத்தைப் போட்டதற்குத் தஸ்தாவேஜு ஒன்றும் வெளிப்படவில்லை. இதை ஊரில் சொன்னால் மண்டையில் அடி விழாவிட்டாலும் மனசில் ஒரு கீறல் விழும். பின்னே இந்தக் கதை எப்படித்தான் பிறந்தது?

இதற்கு விடை லண்டனிலேயே எனக்குக் கிடைத்தது. இஸ்லிங்டன் என்ற பேட்டையில் ஒரு சிறு பசும்புல் திடல். அதன் முனையில் ஒரு சிலை நிற்கிறது. ஜாபிதாவில் இல்லாத சிலை. ஸர் ஹியூ மிடில்டன் என்பவருடையது. அவர் வேல்ஸ் தேசத்துக்காரர். லண்டனில் பொற்கொல்லர் தொழில் செய்தவர். நானூறு வருஷங்களுக்கு முன் லண்டன் வாசிகளுக்கு நல்ல குடிநீர் இல்லாதிருந்தது. மிடில்டன் ஹெர்ட்போர்டுஷயர் ஊற்றுக்களிலிருந்து சுமார் 38 மைல் தூரம் வளைந்து வளைந்து வரும் கால்வாய் ஒன்றை வெட்டி, 1613-ம் வருஷம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்குப் பெயர் 'புது ஆறு'. கிழவியாகிவிட்ட பிறகும் 'புதுப்பெண்' என்றே அழைக்கப்படுகிறவளைப் போல, அந்தக் கால்வாய் இன்றும் புது ஆறுதான். இன்றும் லண்டனுக்குக் குடிநீர் தருகிறது.

அந்த மிடில்டனைப் பற்றி லண்டன்காரர்கள் வெகு காலம் ஒரு கதை சொல்லி வந்தார்கள். கால்வாய் வெட்டித் தம் ஆஸ்தியையெல்லாம் இழந்து, கடைசிக் காலத்தில் பெயரை மாற்றிக்கொண்டு ஏதோ கிராமத்தில் ஏழையாக வாழ்ந்து மடிந்தார் என்பது கதை. உண்மை அதுவல்ல. பணம் தட்டுப்பட்டபோது முதலாம் ஜேம்ஸ் அரசரே பாதிச் செலவை ஏற்றுக்கொண்டு பாதி லாபத்துக்குக் கூட்டாளியானார். மிடில்டன் பட்டம் பெற்று, உயிலும் எழுதிவைத்து, கௌரவமாகவே 1631-ல் காலமானார்.

இந்த விஷயத்தை அந்தச் சிலை அடியில் நின்று என் பேரனுக்குச் சொன்னேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ, நம்ம பென்னிகுவிக் தாத்தா மாதிரியே இவர்மேலயும் கதை கட்டிட்டாங்களா, தாத்தா?" என்று கேட்டான். குழந்தைகள் சில சமயம் நூறு பக்க ஆராய்ச்சியை ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறார்கள்.

ஆம், கட்டித்தான்விட்டார்கள். ஆனால் பொய் சொல்ல வேண்டும் என்று கட்டியதல்ல. தண்ணீர் கொடுத்தவன் சம்பளம் வாங்கிக்கொண்டு கொடுத்தான் என்பதை ஜனங்களின் மனம் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. அவ்வளவு பெரிய கொடைக்கு அவ்வளவு பெரிய தியாகம் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேம்ஸ் கரையானாலும் சுருளிக் கரையானாலும் மனித மனம் ஒன்றுதான். இருந்தாலும், இந்தக் கதையால் ஒரு நஷ்டமும் உண்டு. அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் காலையில் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். லண்டனிலிருந்து ஃப்ரிம்லிக்குப் போகிற ஒரு வழி அஸ்காட்டில் வண்டி மாறிப் போவது. வழியில் எகாம் என்ற ஸ்டேஷன் வருகிறது. பக்கத்தில்தான் ரன்னிமீட் புல்வெளி. 1215-ம் வருஷம் ஜான் அரசர் பிரபுக்களுக்குப் பணிந்து மாக்ன கார்ட்டா சாசனத்துக்கு இணங்கிய இடம் அது. அதை அடுத்த கூப்பர்ஸ் ஹில் குன்றின்மேல் ஒரு காலத்தில் இந்தியாவுக்காக எஞ்சினீயர்களைத் தயாரிக்கும் கல்லூரி இருந்தது. பெரியாற்றை முடித்துத் திரும்பிய பென்னிகுவிக் 1896 முதல் 1899 வரையில் அதற்குத் தலைவராக இருந்தார். ரயில் ஜன்னல் வழியாக எல்லோரும் ரன்னிமீட் எங்கே என்று தேடினார்கள். நாங்கள் கூப்பர்ஸ் ஹில் எங்கே என்று தேடினோம்.

அஸ்காட்டில் வண்டி மாறினால் வழியில் கேம்பர்லி வருகிறது. அங்கேதான் 1911-ம் வருஷம் மார்ச் 9-ந் தேதி அவர் காலமானார். 2022-ம் வருஷம் செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் சார்பில் மந்திரி ஐ. பெரியசாமி அந்த ஊரில் அவருக்குச் சிலை திறந்துவைத்தார். இதில் ஓர் அழகான வேடிக்கை இருக்கிறது. இந்தியாவைப் பிடித்த கிளைவுக்கு லண்டனில் வெளிநாட்டு இலாகாக் கட்டடத்தின் அருகே ஆங்கிலேயர்களே சிலை வைத்துக்கொண்டார்கள். இந்தியாவுக்குத் தண்ணீர் தந்தவருக்கு அவர் நாட்டில் சிலை வைக்க நம்மவர்கள் கடல் கடந்து போக வேண்டியிருந்தது!

அடுத்த ஸ்டேஷன் ஃப்ரிம்லி. செயிண்ட் பீட்டர்ஸ் மாதா கோயிலின் தோட்டத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. மண்டபம், கோபுரம் என்று பிரமாதமாக ஒன்றும் கிடையாது. அக்கம்பக்கத்துக் கல்லறைகளுக்கு நடுவே அதுவும் ஒன்று. எங்கள் சீமையிலிருந்து லண்டனுக்குப் போகிறவர்கள் பலர் இப்போது இங்கே வந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள்.

அன்று லேசாக மழை தூறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரே பச்சை. என் மனைவி குடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "ஏங்க, இந்த ஊர்ல மழைக்குப் பஞ்சமே கிடையாது போலிருக்கே! இங்கேயிருந்து வந்த மனுஷருக்குத் தண்ணியோட அருமை எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

நல்ல கேள்வி. இதற்கும் நான் பதில் சொல்லத்தான் வேண்டும். தாது வருஷத்துப் பஞ்சம் நடந்தபோது அவர் இந்தியாவுக்கு வேலைக்கு வந்து பதினாறு வருஷங்கள் ஆகியிருந்தன. தண்ணீரின் அருமை அவருக்குத் தெரிந்தது பிறந்த வீட்டில் அல்ல, செய்த வேலையில். அவர் ஏகாதிபத்தியத்தின் உத்தியோகஸ்தர். அந்த ஏகாதிபத்தியம் அணையைக் கட்டியது தர்மத்துக்காக மட்டுமல்ல. தண்ணீர் பாய்ந்தால் வரி வரும் என்ற கணக்கும் அதில் உண்டு. ஆனால் வரிக் கணக்கு எழுதியவர்கள் எல்லோரும் காட்டில் போய்க் கூடாரம் அடிக்கவில்லை. வெள்ளம் அடித்துப்போன பிறகு திரும்பவும் முதல் கல்லிலிருந்து தொடங்கியவர் அவர். கையில் இருந்த பணத்தைக் கொடுப்பதைவிட அது சிறிய காரியமா? நகை விற்ற கதை இல்லாவிட்டாலும் அவருக்கு நாம் கொடுக்கும் இடத்திலிருந்து ஒரு படிகூட அவர் இறங்கப் போவதில்லை.

இனி, அந்தக் கதையால் வந்த நஷ்டத்தைச் சொல்லுகிறேன்.

பெரியாற்று அணைக்கு வடக்கே காட்டுக்குள் ஓர் இடுகாடு இருக்கிறது. அணை கட்டும் காலத்தில் நோயால் இறந்தவர்கள் 483 பேர் என்பது கணக்கு. காலராவும் மலேரியாவும் கொண்டு போனவர்கள். இது நோயின் கணக்கு மட்டுமே. பென்னிகுவிக் தம் சொத்தை விற்றாரா இல்லையா என்று நூறு வருஷமாகப் பேசுகிறோம். தங்கள் உயிரையே கொடுத்தவர்களைப் பற்றிக் கதையும் இல்லை, பாட்டும் இல்லை. கொடுத்தவர் ஒருவர் என்று தீர்மானித்துவிட்டால், தியாகம் முழுவதையும் அவர் பேரிலேயே எழுதிவிடுகிறோம். மற்றவர்கள் கணக்கிலிருந்து விழுந்துபோகிறார்கள். இஸ்லிங்டனிலும் அப்படித்தான். பொற்கொல்லருக்குச் சிலை உண்டு. 38 மைல் பள்ளம் தோண்டியவர்களுக்கு இல்லை.

காட்டில் கிடக்கும் அந்தக் கல்லறைகளுக்குக் குடும்பத்தோடு போய்வர முடியாது. அது புலிகள் சரணாலயம், உத்தரவு வேண்டும். ஃப்ரிம்லிக்கு வழி இருக்கிறது; தேக்கடிக் காட்டுக்கு வழி இல்லை. பொட்டிப்புரத்துக்கு மேற்கே தெரிகிற அதே மலைத் தொடர்தான்! எங்கள் ஊர் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆராய்ச்சிக் கூடம் அமைக்க 2015-ம் வருஷம் மத்திய மந்திரிசபை அனுமதி தந்தபோது, ஜனங்கள் முதலில் கேட்டது, தண்ணீருக்கும் அணைக்கும் என்ன ஆகும் என்பதுதான். எதிர்ப்பினால் அந்தத் திட்டம் தடைப்பட்டது. விஞ்ஞானிகள் தந்த சமாதானங்கள் ஒருபுறம் இருக்கட்டும். மலையைக் குடைவது என்றால் அதற்கு ஒரு விலை உண்டு என்பது இந்தச் சீமையின் ரத்தத்தில் ஊறிய ஞாபகம். விலை கொடுத்தவர்களின் பெயர்கள்தான் மறந்துபோயின.

ஆகையால் லண்டனுக்குப் போகிற எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கோபுரத்தைப் பாருங்கள், மணிக்கூண்டைப் பாருங்கள், ஒரு நாள் ஒதுக்கி ஃப்ரிம்லிக்கும் போய் வாருங்கள். குழந்தைகளுக்குப் பென்னிகுவிக்கின் கதையைச் சொல்லும்போது, நகை விற்ற கதையை ஜனங்களின் அன்பு கட்டிய கதையாகவே சொல்லுங்கள்; 483 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். தை மாதம் பிறந்து அவருடைய பெயரால் பானை ஏற்றும்போது, பேர் தெரியாத அந்தக் கூலிக்காரர்களுக்காக அடுப்பில் இன்னொரு பானையும் ஏறட்டும். அரிசி அவர்கள் தந்த தண்ணீரில் விளைந்ததுதானே?